தெற்குப் பங்கு

அப்பா போனபின்
நொத்தேர் மேசையில் வீட்டை இரண்டாய்க் கிழித்தார்கள்.
முகட்டுக்கு வடக்கே தம்பி மாக்சிமன்,
முகட்டுக்குத் தெற்கே நான்.
வரைபடத்தில் அது ஒரு சிவப்புக் கோடு;
கூரையில், துருவேறிய ஆணிகளின் வரிசை.

இந்தத் தீவில் வெயில் வடக்கே சாய்ந்து நடக்கும்.
தெற்குக்கு மிச்சம்தான்.
அதிலும் ஹெல்பூர்.
அருவிகள் மலையில் விழுந்து முடிக்காததை
மேகம் எடுத்துவந்து என் துணிக்கொடியில் முடிக்கிற ஊர்.
அவன் கூரை பிஸ்கட் நிறம்.
என்னுடையது
யாரோ கரிச்சட்டியைக் கவிழ்த்துக் கழுவாமல் விட்டதுபோல
மேலிருந்து கீழே ஒழுகி ஒழுகிக் கறுத்திருந்தது.

மேட்டுப் புளி மரத்தில் பிளந்த பலகைச் சில்லுகள்,
மீன் செதிலாய் ஒன்றின்மேல் ஒன்று.
பெயரில்தான் புளி. ரசத்துக்கு ஆகாது.
தண்ணீருக்கு மட்டும்
நாற்பது வருஷமாய் இல்லை என்றே சொல்லிவந்த மரம்.

"உன் பக்கக் கறையால் என் பக்கம் விலை போகாது"
என்றான் மாக்சிமன். சனிக்கிழமை ஆள் வருகிறார்களாம்.
வெள்ளியன்று வாடகைக்கு ஒரு தண்ணீர்ப் பீரங்கி,
அரைநாள் உறுமியது.
சில்லுகள் புதிதாய்ப் பிறந்தன.
அவற்றின் மேல்தோல்
சாக்கடையில் வைக்கோலாய் மிதந்து போனது.
கறையே இல்லாத தன் பாதியைத்தான் கழுவினான்.
அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வந்தவர்கள் படம் பிடித்தார்கள், காப்பி குடித்தார்கள்,
யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.
பிப்ரவரியில் வானம் யோசிக்கவில்லை.
பதினோரு இடத்தில் சொட்டு.
சுவருக்கு அப்பால் அவன் வாளி தேடும் சத்தம் கேட்டு
அரிசிப் பானையைக் கொடுத்தேன்.

என் முறை மே மாதம்.
வெயிலும் மழையும் இல்லாத ஒரு செவ்வாய்,
பள்ளிக் கேன்டீனில் விடுப்புச் சொல்லிவிட்டு.
முதலில் சௌசௌப் பந்தலுக்கு வயிறு நிறையப் பச்சைத்தண்ணீர்,
பிறகு புயலில் கிழிந்த நீலத் தார்ப்பாயால் முக்காடு.
பீப்பாய்க்குப் போகும் குழாயைக் கழற்றி வைத்தேன்.
ஜாவேல் ஒரு குவளை, தண்ணீர் பத்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
கூரையையும் நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

மெத்தென்ற தூரிகை. மேலிருந்து கீழே மட்டும்.
கறுப்பு உடனே போகவில்லை,
பழுப்பானது.
கோபம் ஆறுவதுபோல என்று சொல்ல வந்தேன்;
இல்லை, பாசி சாவதுபோலத்தான் இருந்தது.
மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

ஏணியின் கடைசிப் படியில்தான் கண்டேன்:
புகைக்குழாயைச் சுற்றி அப்பா அடித்த துத்தநாகத் தகடு,
அதற்கு நேர்கீழே
ஒரு முழ அகலத்துக்குக் கறையே இல்லை.
மழை தகட்டை நக்கிக்கொண்டு இறங்கிய வழியில்
பாசி கால்வைக்கவே இல்லை.
எத்தனை வருஷமாய் இருந்ததோ அந்த வெளுத்த பட்டை.
முற்றத்தில் நின்று கறையைத்தான் பார்த்திருக்கிறோம்.

சாந்தாந்த்ரே போய்த் தகடு வாங்கிவந்தேன்,
முகட்டின் நீளம் முழுக்க.
ஆனால் முகடு யாருடையது?
நொத்தேரின் சிவப்புக் கோட்டுக்கு அகலம் கிடையாது.
தகட்டுக்கு உண்டு;
நிற்கவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் மடங்கியாகவேண்டும்.
மடக்கினேன்.
ஒரு சாண் எனக்கு, ஒரு சாண் அவனுக்கு.
கேட்கவில்லை.

சுத்தியல் சத்தத்துக்கு வெளியே வந்தான்,
இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து.
"எவ்வளவு?"
"அறுபத்து நான்கு."
உள்ளே போய்விட்டான்.
நான் இறங்கியபோது என் ஜன்னல் விளிம்பில்
முப்பத்திரண்டு யூரோ,
பெயர்ந்த சில்லு ஒன்றின் அடியில்.

வீடு இன்னும் விற்கவில்லை.
அரிசிப் பானையும் திரும்பவில்லை.
இரவில் மழை பிடித்தால்
சுவருக்கு அந்தப் பக்கம்
அது ஒற்றை எழுத்தில் பேசுவது கேட்கிறது,
முன்னைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு.
நான் சின்னச் சட்டியில் பொங்கிக்கொள்கிறேன்.